நாளைக்கு என்னோடு, இன்றைக்கு என்னோடு: வேதாகமத்தில் சாவும் நித்திய ஜீவனும்

சவுல் ராஜா மாறுவேடம் போட்டுக்கொண்டு, இரண்டே பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இராத்திரியில் எந்தோருக்குப் போகிறான். பெலிஸ்தர் பாளயமிறங்கி நிற்கிறார்கள். கடவுளிடம் கேட்டுப் பார்த்தான், பதில் வரவில்லை. குறிசொல்கிறவர்களை நாட்டைவிட்டே துரத்தியவன் அவன்தான். இப்போது அவர்களில் மிஞ்சியிருந்த ஒருத்தியைத் தேடிப்போய், செத்துப்போன சாமுவேலை எழுப்பித் தரச் சொல்கிறான். சால்வை போர்த்திய ஒரு கிழவர் பூமிக்குள்ளிருந்து ஏறி வருகிறார். ஏன் என்னைக் கலைத்தாய் என்பதுதான் அவருடைய முதல் பேச்சு. கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறார்: "நாளைக்கு நீயும் உன் குமாரரும் என்னோடிருப்பீர்கள்."

1 சாமுவேல் 28-ஆம் அதிகாரத்தில் வருகிறது இது. பலமுறை வாசித்தும் அந்த "என்னோடு" எனக்கு நெடுநாள் உறைக்கவே இல்லை. சாமுவேல் தீர்க்கதரிசி, கடைசிவரை கடவுளுக்கு உண்மையாக இருந்தவர். சவுல் கடவுளால் தள்ளப்பட்டவன். சவுலின் மகன் யோனத்தானோ உயிர்நண்பனுக்காகத் தன் சிம்மாசனத்தையே விட்டுக்கொடுக்கத் துணிந்தவன். மூன்று பேரும் செத்தபின் போய்ச் சேருவது ஒரே இடம். நல்லவனுக்கு மேலே, கெட்டவனுக்குக் கீழே என்ற பேச்சே அங்கே இல்லை.

இதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, சிலுவையில் தொங்கும் ஒரு குற்றவாளியிடம் பக்கத்துச் சிலுவையிலிருந்து இயேசு சொல்வதாக லூக்கா எழுதுகிறார்: "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." இதிலும் "என்னுடனே" வருகிறது. ஆனால் போகிற இடம் வேறு.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் சாவைப் பற்றி வேதாகமம் பேசுவதெல்லாம் ஒரே குரலில் இல்லை. ஒரே அடக்க ஆராதனையில், "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், எக்காளம் தொனிக்கும்போது எழுந்திருப்பார்" என்று ஒருவர் ஜெபிப்பார். "இந்நேரம் பரலோகத்தில் ஆண்டவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்" என்று அடுத்தவர் ஆறுதல் சொல்வார். இரண்டுக்கும் வசனம் இருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் தூங்குகிறவர் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால் பெரியவர்கள் திணறிப்போவார்கள். அந்தக் கேள்வியை அடக்கிவிடக் கூடாது என்பது என் எண்ணம். அந்தந்த வசனம் எந்த நெருக்கடியில், யாருடைய கண்ணீருக்குப் பதிலாகப் பிறந்தது என்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

பழைய ஏற்பாட்டில் செத்தவர்கள் போகும் இடத்தின் எபிரேயப் பெயர் ஷியோல். ஏறத்தாழ 65 தடவை வருகிறது. தமிழில் பெரும்பாலும் "பாதாளம்" என்று மொழிபெயர்த்தார்கள். ஆனால் பழைய திருப்புதலில் சங்கீதம் 9:17-ல் அதே சொல் "நரகம்" ஆகிவிட்டது. அதைப் படிக்கிறவருக்கு நெருப்பும் வேதனையும் மனதில் வரும். எபிரேயத்தில் நெருப்பு கிடையாது. ஷியோல் இருட்டு, தூசி, அமைதி. ராஜாவும் அடிமையும் சேர்ந்து கிடக்கும் இடம் என்கிறான் யோபு. சங்கீதம் 88 அதை மறதியின் பூமி என்கிறது. தண்டிக்கிற இடமாக அதை யாரும் நினைக்கவில்லை. அங்கே போனால் கடவுளைத் துதிக்க முடியாதே என்பதுதான் அவர்களுடைய பயம். எசேக்கியா ராஜா வியாதிப்பட்டுச் சாகக் கிடந்து பிழைத்தபின் இதைத்தான் பாடுகிறான்: பாதாளம் உம்மைத் துதிக்காது, உயிரோடிருக்கிறவன்தான் துதிப்பான். "மரணத்தில் உம்மை நினைவுகூர்வதில்லை" என்று சங்கீதம் 6-ம் கடவுளிடமே வாதாடுகிறது. என்னைச் சாக விட்டால் துதி பாட ஓர் ஆள் குறையும் என்ற துணிச்சலான வாதம் அது.

"ஆத்துமா" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். உடம்பென்ற கூட்டுக்குள் அடைபட்டு, சாகும்போது பறந்துபோகும் ஒன்றைத்தான் அந்தச் சொல் இன்று நமக்குச் சொல்கிறது. எபிரேயத்தில் நெஃபெஷ் என்றால் தொண்டை, மூச்சு, உயிருள்ள ஆள். ஆதியாகமம் 2:7-ல் கடவுள் மண்ணால் உருவாக்கி மூச்சை ஊதியதும் மனுஷன் "ஜீவாத்துமாவானான்". ஆத்துமா அவனுக்குள் வைக்கப்பட்டது என்று அங்கே எழுதவில்லை, அவனே ஆத்துமா ஆனான். மூச்சு போனால் மண் மண்ணாகிறது. கணக்கு அத்தோடு முடிந்தது. பிரசங்கி என்ற புத்தகத்தை எழுதியவன் இதை இன்னும் கறாராகச் சொல்கிறான்: மனுஷனுக்கும் மிருகத்துக்கும் சம்பவிப்பது ஒன்றே, "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்."

சரி, இப்படி ஒரு நம்பிக்கையோடு அவர்கள் எப்படி நிம்மதியாக இருந்தார்கள்? ஆபிரகாம் 175 வயதில், நல்ல முதிர்வயதில், நிறைவாகச் சாகிறான். ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து அவனை அடக்கம் பண்ணுகிறார்கள். தன் ஜனத்தாரோடே சேர்க்கப்பட்டான் என்கிறது ஆதியாகமம். பிள்ளைகள், பெயர், நிலம், முன்னோர் கிடக்கும் குகை இவ்வளவும் இருந்தால் சாவு ஒரு குறையாகத் தெரியவில்லை. பக்கத்து எகிப்தில் செத்தவர்களுக்காக மலைபோல் கட்டடங்கள் எழுந்திருந்தன. இஸ்ரவேலின் சட்டமோ செத்தவர்களிடம் குறிகேட்பதைத் தடைசெய்தது, பிணத்தைத் தொட்டவன் ஏழு நாள் தீட்டு என்றது. மறுமையைப் பற்றி மோசேயின் சட்டநூலான தோரா காக்கும் மௌனம் வேண்டுமென்றே காத்ததாகவே எனக்குப் படுகிறது. உயிரோடிருக்கிற ஏழைக்கும் விதவைக்கும் நியாயம் செய்வதைப் பற்றித்தான் அந்தச் சட்டம் பக்கம் பக்கமாகப் பேசுகிறது.

அந்த மௌனத்திலும் சில இடங்களில் வெடிப்பு தெரிகிறது. நான் பாதாளத்தில் படுக்கைபோட்டாலும் நீர் அங்கேயும் இருக்கிறீர் என்கிறது சங்கீதம் 139. சங்கீதம் 73-ல் ஒருவர், கெட்டவர்கள் கொழுத்துத் திரிவதைப் பார்த்துப் புழுங்கிப் புழுங்கி, கடைசியில் "நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன்" என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். பிறகு மகிமையில் ஏற்றுக்கொள்வீர் என்கிறார். அது எங்கே, எப்படி, எப்போது என்று எந்த விவரமும் இல்லை. கடவுள் பிடித்த கையை விடமாட்டார் என்ற உறுதி மட்டும் இருக்கிறது. யோபுவும் ஒரு பக்கம், வெட்டின மரம் தண்ணீர் வாசம்பட்டால் துளிர்க்கும், மனுஷன் கிடந்தால் எழும்புவதில்லை என்று அழுகிறான். இன்னொரு பக்கம் என் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று கத்துகிறான். அதையடுத்த வரியின் எபிரேயம் கடினமானது. "என் மாம்சத்திலிருந்து" என்றும் படிக்கலாம், "என் மாம்சம் இல்லாமல்" என்றும் படிக்கலாம். பின்னாளைய இரண்டு பெரிய கருத்துகளும் அந்த ஒற்றைச் சொற்றொடருக்குள் ஒன்றாகப் படுத்திருக்கின்றன.

கி.மு. 167 வாக்கில் இந்தப் பழைய நம்பிக்கை மொத்தமாக உடைந்தது. நான்காம் அந்தியோகஸ் என்ற அரசன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி, யூதர் தங்கள் சட்டத்தைக் கைக்கொள்வதையே மரணக் குற்றமாக்கினான். அதுவரை இருந்த போதனை எளிமையானது: கட்டளையைக் கைக்கொள், நீடித்து வாழ்வாய். இப்போதோ கைக்கொண்டவர்கள்தான் செத்தார்கள், அதுவும் இளம் வயதில். விட்டுக்கொடுத்தவர்கள் வாழ்ந்தார்கள். அப்படியானால் கடவுளின் நீதி எங்கே? தானியேல் 12:2 இந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. தூளிலே நித்திரைபண்ணுகிற அநேகர் எழுந்திருப்பார்கள், சிலர் நித்திய ஜீவனுக்கும் சிலர் நித்திய நிந்தைக்கும் என்கிறது அது. எபிரேய வேதாகமத்தில் "நித்திய ஜீவன்" என்ற சொற்சேர்க்கை வருவது இந்த ஓரிடத்தில்தான். எல்லாரும் எழுவார்கள் என்று அது சொல்லவில்லை, அநேகர் என்கிறது. நியாயம் பாக்கியிருக்கிறவர்கள் எழுகிறார்கள்.

அதே நெருக்கடியைச் சொல்லும் 2 மக்கபேயர் 7-ஐக் கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் வேதமாக வாசிக்கிறார்கள், புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் அது இல்லை. ஒரு தாயின் கண்முன் அவளுடைய ஏழு மகன்களையும் சித்திரவதை செய்கிறார்கள். மூன்றாம் மகன் கேட்டவுடனே நாக்கை நீட்டுகிறான், கைகளையும் நீட்டுகிறான். இவற்றை விண்ணகத்திலிருந்து பெற்றேன், அவரிடமிருந்தே திரும்பப் பெறுவேன் என்கிறான். உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை எவ்வளவு உடம்பைச் சார்ந்தது என்பதை இதைவிட நெருக்கமாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியாது. அவன் கேட்பது வெட்டப்பட்ட அந்தக் கைகளைத்தான்.

கிரேக்க மொழியில் எழுதப்பட்ட சாலமோனின் ஞானம் என்ற நூல் இன்னொரு வழியில் போகிறது. நீதிமான்களின் ஆத்துமாக்கள் கடவுளின் கையில் இருக்கின்றன, மூடர் கண்ணுக்கு அவர்கள் செத்தவர்களாகத் தெரிந்தார்கள் என்கிறது அது. அங்கே கல்லறை திறப்பதில்லை, கை திரும்பக் கிடைப்பதில்லை. ஆத்துமா பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான். உடம்பு எழும் என்பது ஒரு பதில், ஆத்துமா அழியாது என்பது இன்னொரு பதில். புதிய ஏற்பாடு பிறக்கும்போது இரண்டுமே காற்றில் இருந்தன. மூன்றாவதாக, இரண்டையும் மறுத்த சதுசேயர் என்ற யூதப் பிரிவினரும் இருந்தார்கள். அவர்களைப் புதுமைக்காரர் என்று சொல்ல முடியாது, மோசேயின் புத்தகங்களில் உள்ள மௌனத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பழமைவாதிகள் அவர்கள்.

ஏழு சகோதரர்களை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண் உயிர்த்தெழுதலில் யாருக்கு மனைவி என்று அவர்கள் இயேசுவை மடக்கப் பார்த்தார்கள். அவர் தானியேலை எடுத்துக் காட்டவில்லை. மோசேயின் புத்தகத்திலேயே, முட்செடியின் கதையிலேயே பதிலைக் காட்டினார். நான் ஆபிரகாமின் தேவன் என்று கடவுள் சொன்னபோது ஆபிரகாம் செத்துப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. அவர் மரித்தோருக்குத் தேவனல்ல, ஜீவனுள்ளோருக்கே தேவன் என்றார். ஆத்துமாவின் இயல்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கடவுள் ஒருவரைத் தன்னுடையவர் என்று சொல்லிவிட்டால் சாவு அதை மாற்ற முடியாது என்பதே வாதம். சங்கீதம் 73-ன் "உம்மோடு" இதிலும் கேட்கிறது.

பவுல் எழுதிய கடிதங்களில் மிகப் பழையதாகப் பலர் கருதும் 1 தெசலோனிக்கேயர் ஏறத்தாழ கி.பி. 50-ல் எழுதப்பட்டது. கிறிஸ்து சீக்கிரம் வருவார் என்று காத்திருந்த சிறிய சபை அது. அதற்குள் சிலர் செத்துவிட்டார்கள். அவர்கள் வண்டியைத் தவறவிட்டவர்கள் ஆகிவிடுவார்களோ என்பதுதான் மிச்சமிருந்தவர்களின் துக்கம். பவுல் பரலோகத்தை வர்ணிக்கவில்லை. நித்திரையடைந்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள், அப்புறம் எல்லாருமாக "கர்த்தருடனேகூட" இருப்போம் என்கிறார். அவரே சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போது தன் சாவே கண்முன் நிற்கிறது. அப்போது நித்திரையைப் பற்றிப் பேசவில்லை. தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருக்க ஆசை, அது மிகவும் நல்லது என்கிறார். அதே கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில் உயிர்த்தெழுதலையும் எதிர்பார்க்கிறார். ஒரே மனிதர், ஒரே கடிதம், இரண்டு பார்வை. இரண்டையும் பொருத்திக்காட்ட அவர் முயலவே இல்லை.

உயிர்த்தெழும் உடம்பு எப்படி இருக்கும் என்பதிலும் எழுத்தாளர்கள் ஒத்துப்போவதில்லை. பவுல் விதை, பயிர் என்று பேசுகிறார். விதைப்பது ஒன்று, முளைப்பது வேறொன்று. மாம்சமும் இரத்தமும் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்கமாட்டாது என்று அடித்துச் சொல்கிறார். லூக்காவிலோ உயிர்த்தெழுந்த இயேசு, ஆவிக்கு மாம்சமும் எலும்புகளும் இல்லை, எனக்கு இருக்கிறது பாருங்கள் என்று சொல்லி, பொரித்த மீன் கண்டம் ஒன்றை வாங்கி அவர்கள் முன்னால் சாப்பிடுகிறார். சபை பின்னாளில் இரண்டையும் இணைத்துப் பேச நிறைய உழைத்தது. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் இணைப்பதற்கு முன் ஒருமுறை தனித்தனியாக வாசிப்பது நல்லது.

சிலுவையில் சொன்ன "இன்றைக்கு" கூடத் தகராறுக்குரியதுதான். பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் பொதுவாகக் காற்புள்ளி கிடையாது. "இன்றைக்கு உனக்குச் சொல்லுகிறேன்" என்று பிரிப்பதா, "இன்றைக்கு நீ என்னுடனேகூட இருப்பாய்" என்று பிரிப்பதா? பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் இரண்டாவதைத்தான் எடுத்தன. செத்தவர்கள் உயிர்த்தெழுதல்வரை உறங்குகிறார்கள் என்று நம்பும் அட்வென்டிஸ்ட் சபையார் முதலாவதை எடுக்கிறார்கள். தமிழில் "என்று" போட்டு முடிக்கும் வாக்கிய அமைப்பில், மொழிபெயர்ப்பாளர் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும். மூலத்தில் உள்ள இடைவெளியைத் தமிழில் அப்படியே வைத்திருக்க வழியில்லை. "மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்ற வாய்பாட்டை இயேசு மற்ற இடங்களில் "இன்றைக்கு" சேர்க்காமலே சொல்வதால், வழக்கமான பிரிப்பே சரி என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு காற்புள்ளியின்மேல் முழுக் கோட்பாட்டையும் கட்டத் துணியமாட்டேன்.

நரகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய ஏற்பாட்டில் 12 தடவை வரும் கெஹென்னா என்ற சொல், எருசலேமின் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தது. ஒருகாலத்தில் பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட இடம் என்று எரேமியா அதைச் சபிக்கிறார். அந்த நெருப்பு வதைத்துக்கொண்டே இருக்குமா, எரித்து முடித்துவிடுமா? மத்தேயு 25:46 நித்திய ஆக்கினை என்கிறது. அதே மத்தேயு 10:28 ஆத்துமாவையும் சரீரத்தையும் "அழிக்க" வல்லவர் என்கிறது. பவுலோ ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிறதுபோல, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள் என்று எழுதிவைத்தார். முடிவில்லாத தண்டனை, அடியோடு அழிவு, கடைசியில் எல்லாருக்கும் மீட்பு என்று மூன்று கருத்துகளுக்கும் ஆதரவு தேடினால் கிடைக்கும். மேற்குலகில் இறையியலாளர் அகுஸ்தீனுக்குப்பின் முதலாவது நிலைத்தது. நான்காம் நூற்றாண்டின் நீசா ஊர் கிரகோரி மூன்றாவதை நம்பினார், ஆனாலும் இன்றுவரை பரிசுத்தவானாக மதிக்கப்படுகிறார்.

சபைத் தலைவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1331-ல் போப் இருபத்திரண்டாம் யோவான், பரிசுத்தவான்களின் ஆத்துமாக்களும் கடைசி நியாயத்தீர்ப்புவரை கடவுளை முகமுகமாகப் பார்ப்பதில்லை என்று பிரசங்கித்தார். பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1334-ல் மரணப்படுக்கையில் அதை விலக்கிக்கொண்டார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336-ல், தூய்மையான ஆத்துமாக்கள் சாவுக்குப்பின் உடனே பார்க்கின்றன என்று தீர்ப்பு எழுதினார். இருநூறு ஆண்டுகளுக்குள் சீர்திருத்தவாதிகளிடையேயும் அதே கேள்வி வந்தது. லூத்தர் மரணத்தை உறக்கம் என்றே பலமுறை பேசினார். கால்வின் தன் முதல் இறையியல் நூலையே ஆத்தும உறக்கத்தை மறுக்கத்தான் எழுதினார். செத்தவர்களுக்காக ஜெபிக்கலாமா என்ற சண்டையும் இதே வேரிலிருந்து வருவது. போரில் செத்த வீரர்களின் பாவத்துக்காக யூதப் படைத்தலைவன் யூதாஸ் மக்கபேயு 2,000 திராக்மா வெள்ளி திரட்டி எருசலேமுக்கு அனுப்பினான் என்று 2 மக்கபேயர் 12 சொல்கிறது. சாவுக்குப்பின் ஆத்துமா தூய்மையடையும் நிலையான உத்தரிக்கிற ஸ்தலத்துக்குக் கத்தோலிக்கர் காட்டும் முக்கிய ஆதாரங்களில் அது ஒன்று. அந்தப் புத்தகம் தங்கள் வேதாகமத்தில் இல்லாதவர்களுக்கு அந்த ஆதாரமும் இல்லை.

யோவான் சுவிசேஷத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். மற்றவர்கள் "எப்போது" என்று கேட்கும் கேள்வியையே அது இடம் மாற்றிவிடுகிறது. கேட்டு விசுவாசிக்கிறவன் மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்கு ஏற்கெனவே வந்துவிட்டான் என்கிறது ஐந்தாம் அதிகாரம். நாலு வசனம் தாண்டினால், கல்லறைகளில் உள்ளவர்கள் சத்தம் கேட்டு வெளியே வரும் நாளையும் விடாமல் சொல்கிறது. நித்திய ஜீவன் என்றால் முடிவில்லாத ஆண்டுக்கணக்கு என்று நினைக்கிறோம். பதினேழாம் அதிகாரத்தில் அதற்கு வேறொரு விளக்கம் இருக்கிறது: ஒன்றான மெய்த்தேவனையும் அவர் அனுப்பினவரையும் அறிவதே நித்திய ஜீவன்.

பெத்தானியாவில் லாசரு செத்து நாலு நாளாகிறது. மார்த்தாள் ஊருக்கு வெளியே வந்து இயேசுவைச் சந்திக்கிறாள். நீர் இங்கே இருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்கிறாள். உன் சகோதரன் எழுந்திருப்பான் என்று அவர் சொன்னதும், கடைசி நாளில் எழுந்திருப்பான் என்று எனக்குத் தெரியும் என்கிறாள். தானியேலிலிருந்து வந்த சரியான பாடம் அது, தப்பே இல்லை. ஆனால் அழுகிற அந்த நேரத்தில் அது அவளுக்கு உதவியதாகத் தெரியவில்லை. "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்கிறார் அவர். பிறகு கல்லறைக்குப் போகும் வழியில் அழுகிறார். எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தவர் ஏன் அழுதார் என்று சுவிசேஷம் விளக்கவில்லை.

லாசரு வெளியே வருகிறான், கைகால்கள் கட்டப்பட்டபடி, முகத்தில் துணி சுற்றியபடி. நாலு நாள் எங்கே இருந்தாய், தூங்கினாயா, ஒளியைப் பார்த்தாயா என்று யாரும் கேட்டதாக ஒரு வரி இல்லை. அவன் பேசியதாகவும் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த அதிகாரத்தில் அதே பெத்தானியாவில் ஒரு விருந்து நடக்கிறது. மார்த்தாள் பரிமாறுகிறாள். "லாசருவும் அவருடனேகூடப் பந்தியிருந்தவர்களில் ஒருவனாயிருந்தான்."